இசட் டிரைவில் ஒரு ஊறுகாய்

ஜூலை 18, வெள்ளி

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதப் போகிறேன். வாயைத்தான் மூடியாகிவிட்டது, கையாவது ஓடட்டும்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை சுரண்டையில் என் நாத்தனார் பிரமு வீட்டில் காதுகுத்து. பந்தியில் பக்கத்து இலையில் இருந்த ஒரு அம்மா, பிரமுவின் மாமியார் வகையாம், என் வீட்டுக்காரரிடம் "உங்க வீட்டம்மா என்ன பண்ணுதாங்க?" என்று கேட்டாள். இவர் இலையில் அப்போதுதான் பாயசம் விழுந்தது. அதை வழித்துக்கொண்டே சொன்னார், "சும்மா வீட்டுல எம்பிராய்டரி மிஷின் ஒண்ணு வச்சிருக்கா. ஒரு பொழுதுபோக்கு."

பொழுதுபோக்காம். தென்காசியிலிருந்து கடையநல்லூர் வரைக்கும் எத்தனை கல்யாணப் பெண்கள் முதுகில் நான் போட்ட பூ பூத்திருக்கிறது. கண்ணு போச்சு, கழுத்து எலும்பு தேய்ந்து போச்சு. நான் எதிர் வரிசையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து திருவாளர் ஆவுடையப்பனோடு எனக்குப் பேச்சு கிடையாது. சமைப்பேன், பரிமாறுவேன், பேச மாட்டேன். அவர் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்க வேண்டும். தனியாக வந்து காதுக்குள் சொன்னால் செல்லாது. நாலு பேர் முன்னால் விட்ட வார்த்தை, நாலு பேர் முன்னால்தான் வாங்க வேண்டும். அதுவரைக்கும் இந்த வீட்டில் சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான்.

நோட்டில் எழுதலாம். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தினமும் எல்லா அலமாரியையும் கவிழ்ப்பார், கண்ணாடி நெற்றியில் இருக்கும். அதனால் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் வீட்டில் ஒன்றுதான், அது அவருடையது. அவர் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவர். லினக்ஸ் பக்தர். பென்குயின் படம் போட்ட பனியனோடு கோயிலுக்கு வருவார். என் எம்பிராய்டரி சாஃப்ட்வேரோ விண்டோஸில்தான் ஓடும். விண்டோஸை வாசல்படி ஏற்ற மாட்டேன் என்றார். ஒரு காலத்தில் இதற்கே பெரிய ரகளை நடந்து, கடைசியில் அவர் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் விண்டோஸைக் குடிவைத்தார். விர்ச்சுவல் மிஷின் என்று பேர். திரையில் ஒரு கட்டம் திறக்கும், அதற்குள் முழுசாக ஒரு கம்ப்யூட்டர். அவர் வீட்டுக்காரர், நான் வாடகைக்குடி. உள்ளே நான் என்ன செய்தாலும் வெளியே தெரியாது என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். பாஸ்வேர்டும் என்னிடம்தான்.

உள்ளே போட்ட டிசைனை வெளியே எடுக்க இசட் டிரைவ் என்று ஒரு வழி வைத்துக் கொடுத்திருக்கிறார். முடிந்த தையல் ஃபைலை அதில் போட்டால் அவர் பக்கத்தில் 'பொது' என்கிற ஃபோல்டரில் வந்து நிற்கும். அங்கிருந்து பென்டிரைவில் ஏற்றி மிஷினில் சொருக வேண்டியதுதான். அந்தச் சாளரம் வழியாகத் தையல் மட்டும் போகும், நான் போக மாட்டேன்.

இந்த ஃபைலுக்கு 'ஊறுகாய்க் குறிப்பு' என்று பேர் வைத்தேன். எந்த ஆம்பளை திறப்பான்? சேமி என்று அமுக்கினேன், எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. நாளைக்குத் திறந்தால் மேலேயே காட்டும்.

அடுப்படிக் குழாய் வேறு சொட்டுகிறது. சொல்ல வாயில்லாததால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஜூலை 19, சனி

குழாய் சொட்டவில்லை. அதுவாகவே நின்றுவிட்டது போல. சாமான்களுக்காவது இந்த வீட்டில் சொரணை இருக்கிறது.

உலகம்மாள் டீச்சர் வந்தார். மகள் நித்யகலாவுக்கு ஆவணியில் கல்யாணம். பட்டு ரவிக்கையின் முதுகில் மாப்பிள்ளையின் முகத்தைப் போட வேண்டுமாம். பூ, கொடி, யானை எதுவும் வேண்டாம், முகம். இப்போது அதுதான் நடப்பாம். பெண் மணவறையில் திரும்பி உட்கார்ந்தால் முதுகிலிருந்து மாப்பிள்ளை நம்மைப் பார்ப்பார்.

சரி என்று சொல்லிவிட்டேன். இது மட்டும் நன்றாக வந்தால் இந்த வட்டாரத்தில் எந்தப் பெண்ணும் வேறு கடை ஏற மாட்டாள். போட்டோவைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு மூக்கு கொஞ்சம் தாராளம்.

ஜூலை 21, திங்கள்

படத்தைத் தையலாக மாற்றுகிற வேலைக்குப் பஞ்சிங் என்று பேர். ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒவ்வொரு கோடாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இன்று முழுக்க வலது புருவம். புருவம் போடவே ஒரு நாள் போகிற தொழிலைப் பொழுதுபோக்கு என்று சொன்ன வாயில் பாயசம் தங்கியது எப்படி என்று தெரியவில்லை.

குளித்துவிட்டு ஈரத்துண்டை என் மிஷின் மேல் போட்டுவிட்டுப் போகிறார். மிஷின் என்ன துணிக்கொடியா?

ஜூலை 22, செவ்வாய்

துண்டு கொடியில் கிடந்தது. புத்தி வந்திருக்கிறது. தாமதமாக வந்தாலும் வந்தது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு வடை. அவர் வடையை எடுத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் ரசத்தை ஊற்றிவிட்டேன்.

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் மகள் பொருநை போன் பண்ணினாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்கிறேன், அவள் அப்பாவிடம் சொல்கிறாள். ஹாலுக்கும் அடுப்படிக்கும் இடையில் தகவல் கோயம்புத்தூர் போய் வருகிறது. நல்ல பிள்ளை, அலுத்துக்கொள்வதோடு சரி.

அவளுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டினேன். கரண்ட் பில்லும் கட்டினேன். இந்த மாசமும் என் முறை.

ஜூலை 28, திங்கள்

இன்று கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இடது கண்ணைப் போட்டுக்கொண்டிருக்கும்போது பிரமு போன் பண்ணி, "என்ன மதினி, பொழுது போகுதா?" என்றாள். அவள் வாய் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது அந்த வார்த்தை.

இந்த மனுஷனும் அந்த லினக்ஸும் ஒன்று. இலவசம், ஆனால் சீண்ட ஆளில்லை. காலையில் ஷேவ் பண்ணும்போது பாடுகிறாரே ஒரு பாட்டு, அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மாடு பால் மறுத்துவிட்டது. அப்பா அன்றைக்கே பாளையங்கோட்டை வாத்தியார் ஜாதகத்தை முதலில் கொண்டுவந்தார். நான்தான் இவர் சிரிக்கிற போட்டோவைப் பார்த்து ஏமாந்தேன். வாத்தியாரைக் கட்டியிருக்கலாம்.

இதில் வாங்கி வந்திருக்கிற காப்பிப் பொடி முக்கால்வாசி சிக்கரி.

ஜூலை 29, செவ்வாய்

புது காப்பிப் பொடி வந்திருக்கிறது. சிக்கரி இல்லாதது. கடைக்காரனே வெட்கப்பட்டு மாற்றிக் கொடுத்திருப்பான்.

இன்று பாட்டு இல்லை. ஆடிச் சாரல், தொண்டை கட்டியிருக்கும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பாட்டு இன்றைக்கும் இல்லை. எனக்கென்ன. வேலை நிம்மதியாக நடக்கிறது.

சாரல் ஜன்னல் வரைக்கும் வருகிறது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். கல்யாணமான புதிதில் விடியற்காலையில் டிவிஎஸ் வண்டியில் போவோம், தலை துவட்டாமலே திரும்பி வருவோம். இந்த சீசனில் ஒரு தடவைகூடப் போகவில்லை. போனால் நன்றாக இருக்கும். யாரோடு போவது?

ஆகஸ்ட் 2, சனி

பொருநை போன். "அம்மா, அப்பா நாளைக்குக் காலைல குற்றாலம் போறாராம், நீயும் வாரியான்னு கேக்கச் சொன்னார்."

என்ன பொருத்தம் பாருங்கள், நேற்று நினைத்தேன், இன்று கேட்கிறார். ஆனால் வர மாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். அருவியில் நனைந்தால் வார்த்தை கழுவிப் போய்விடுமா? வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கும். அதெல்லாம் வேண்டாம்.

அவரும் போகப் போவதில்லை போல. மேஜை மேல் எண்ணெய்ப் புட்டியும் ரெண்டு துண்டும் இருந்தன, சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பழைய துணியில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஃபைலை இசட் டிரைவில் போட்டு, வெளியே எடுத்து, மிஷினில் சொருகி, முகம் முழுக்கத் தைத்து முடித்தது. கண் பரவாயில்லை. மீசைதான் உதட்டின் மேல் அணில் படுத்திருக்கிற மாதிரி வந்திருக்கிறது. நூல் சாய்வை மாற்ற வேண்டும். டீச்சர் பார்த்துவிட்டு மூக்கைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது என்றார். மாப்பிள்ளைக்குக் குறைக்க முடியாது, ரவிக்கையில் குறைக்கலாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மீசை முடிந்தது. மூக்கும் முடிந்தது. கன்னத்தில் நிழல்கூடப் போட்டுவிட்டேன். என் ஆயுளில் இப்படி ஒன்று பண்ணியதில்லை. டெஸ்க்டாப்பில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரவிக்கைத் துணியை டீச்சர் திங்கட்கிழமை கொடுப்பார், அன்றைக்கு இசட்டில் போட்டுக்கொள்ளலாம்.

டீச்சர் நெற்றிச்சுட்டி படம் ஒன்றைப் பென்டிரைவில் கொடுத்துவிட்டிருந்தார். அதை உள்ளே திறந்ததிலிருந்து என் விண்டோஸ் ஒரு மாதிரியாக இருக்கிறது. எதைத் தொட்டாலும் திணறுகிறது. கிருமி ஏறியிருக்கும். பொருநையிடம் சொன்னேன், அவள் அப்பாவிடம் சொல்வதாகச் சொன்னாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போச்சு.

நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் அவர் சரிபண்ணி வைத்துவிட்டார். எப்படிச் சரிபண்ணினார்? வைகாசியில் அந்த உள் கம்ப்யூட்டரை ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தாராம், அதாவது அன்றைக்கு இருந்த நிலையை அப்படியே. அதற்கே திருப்பிவிட்டார். கிருமி போய்விட்டது. வைகாசிக்குப் பிறகு உள்ளே இருந்த எல்லாமும் போய்விட்டது. டெஸ்க்டாப் துடைத்த தரை மாதிரி இருக்கிறது.

ஹாலுக்குப் போய் நின்று கத்தினேன். "என் மாப்பிள்ளை எங்க?"

இத்தனை நாள் வாய் மூடிக் கிடந்துவிட்டுக் கட்டின புருஷனிடம் பேசிய முதல் வார்த்தை. எதிர் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலையெல்லாம் நான் இசட்டில்தான் வைத்திருப்பேன் என்று நினைத்தாராம். "வெளியே போட்டதெல்லாம் இருக்கும் வடிவு, உள்ள வச்சது மட்டும்தான்…" என்று இழுத்தார். அந்த 'மட்டும்'தான் என் மூன்று வார உழைப்பு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தி அழுதேன். எழுதினால் என்ன, அழுதேன். அவர் சாப்பிடவில்லை. நானும் போடவில்லை.

இதைக் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நாட்குறிப்பும் அதோடுதான் போயிருக்கும். ஒரு வகையில் நல்லது.

ஆகஸ்ட் 9, சனி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் உட்கார்ந்து யோசித்தேன். அணில் மீசையோடு ஓட்டிப் பார்த்தேனே, அந்த ஃபைல் இசட்டில் இருக்கும், அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இசட் டிரைவைத் திறந்தேன். இருந்தது. மூக்கும் மீசையும்தான் மறுபடி போட வேண்டும். நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதற்கு நேர் கீழே இன்னொரு ஃபைல் இருந்தது.

ஊறுகாய்க் குறிப்பு.

திறந்தேன். ஜூலை 18 முதல் முந்தாநாள் வரை ஒரு எழுத்து குறையாமல் இருக்கிறது. உள்ளே வைத்ததெல்லாம் போயிற்று என்றால் இது எப்படி இருக்கிறது? பொருநைக்குப் போன் பண்ணினேன். சுற்றி வளைத்துக் கேட்டேன், சமையல் குறிப்பு ஒன்று என்று.

"நீ அதை இசட்ல சேமிச்சிருப்பம்மா. இசட்ங்கறது அப்பாவோட ஃபோல்டர்தான். கடைசியா எந்த ஃபோல்டர்ல வேலை பார்த்தியோ அங்கதான் சேமிக்கவும் கேக்கும்."

தையல் ஃபைல் மட்டும்தானே அந்தப் பக்கம் போகும் என்றேன். அவள் சிரித்தாள். "போறதும் இல்ல, வாறதும் இல்ல. ஒரே ஃபைல்தான். நீ உள்ளருந்து பாக்க, அவர் வெளியருந்து பாக்கார்."

போனை வைத்துவிட்டு முதலிலிருந்து படித்தேன். குழாய் சொட்டுகிறது, மறுநாள் சொட்டவில்லை. துண்டு, மறுநாள் கொடியில். குற்றாலம், மறுநாள் எண்ணெய்ப் புட்டி. சாமான்களுக்குச் சொரணை இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், என் அறிவைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் வந்தது கோபம்தான். பெண்டாட்டி எழுதினதைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறாரே என்று. அப்புறம் அந்தப் பாளையங்கோட்டை வாத்தியார் வரி வந்தது. அதற்கடுத்த நாள் பாட்டு இல்லை, தொண்டை கட்டியிருக்கும் என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்க் காப்பிப் பொடி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது.

இன்றைய குறிப்பை உள்ளே, சி டிரைவில் புது ஃபைலில் எழுதுகிறேன். மூன்று தடவை இடம் பார்த்துத்தான் சேமித்தேன். பழைய ஊறுகாய் ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்து வைத்தேன்: 'வாய் கசந்து கிடக்கிறது. காலையில் பாகற்காய் ஜூஸ் குடித்தால் நன்றாக இருக்கும்.' எனக்குப் பாகற்காய் ஆகாது என்று ஊருக்கே தெரியும். பார்ப்போம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாகற்காய் ஜூஸ் வந்தது. பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறைய. மேஜையில் வைத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டு அதன் விளிம்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்க வேண்டியதாயிற்று. முழுசாக.

இனி ஆதாரம் தேவையில்லை.

இப்போது ஒரு யோசனை ஓடுகிறது. நான் இசட்டில் 'இன்ன தேதி, இன்ன இடத்தில், இன்னார் முன்னால் வார்த்தையை வாங்குங்கள்' என்று எழுதினால் போதும், அந்த மனுஷன் செய்துவிடுவார். பாகற்காய் அரைத்தவர் இதைச் செய்ய மாட்டாரா? ஆனால் நான் எழுதிக் கொடுத்து அவர் ஒப்பித்தால் அது எனக்கு எதற்கு? என் குரலை நானே கேட்டுக்கொள்ளவா?

அதனால் இனி இசட்டில் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. அவராக என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன். அந்த ஃபைலில் கடைசி வரி பாகற்காயாகவே நிற்கிறது. இன்றும் ஜூஸ் வந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

இன்றும்.

மூக்கு முடிந்தது. மீசையைப் பழையபடி கொண்டுவர முடியவில்லை, ஆனால் இது அதைவிட நன்றாக இருக்கிறது.

அவர் தவியாய்த் தவிக்கிறார். சொட்டாத குழாயைக் கழற்றி மாட்டினார். சத்தமே போடாத கதவுக்கு எண்ணெய் விட்டார். ரெண்டு வகைக் காப்பிப் பொடி வாங்கி வந்திருக்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருகிறார், எதையோ திறந்து பார்க்கிறார், எழுந்து வருகிறார், மறுபடி போகிறார். எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறென்னவோவும் வருகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பட்டு ரவிக்கையில் ஓட்டி முடித்தேன். மிஷின் ஓடி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன், நூல் ஒரு தடவைகூட அறவில்லை. அவர் கதவோரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை வந்து பார்த்தார்.

கரண்ட் பில் எதுவும் இல்லை. மளிகை என் முறை. ஜூஸ்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. ரவிக்கை வாங்க டீச்சர் வந்தார், மணப்பெண் நித்யகலா, அவளுடைய ரெண்டு சித்திமார். கூடவே பிரமு. டீச்சரும் அவளும் ஒரே பள்ளிக்கூடமாம், இன்றைக்குத்தான் தெரியும்.

ரவிக்கையை விரித்தேன். நித்யகலா விரலால் அந்த மீசையைத் தொட்டுப் பார்த்தாள், தொட்டுவிட்டு வெட்கப்பட்டாள். நேரில் இருப்பதைவிட லட்சணமாக இருக்கிறார் என்று ஒரு சித்தி சொன்னாள். மூக்கு என்று நான் சொல்லவில்லை.

பிரமு ரவிக்கையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பண்ணுதீங்க மதினி. அண்ணன் சொன்ன மாதிரி நல்ல பொழுதுபோக்கு" என்றாள்.

அவர் காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தார். அப்படியே நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த நூல் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் ஒன்றும் சொல்லாமல் தட்டை நீட்டினால் அவ்வளவுதான், இனி இந்த ஜென்மத்தில் எனக்கு அவரிடம் கேட்க எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டைக் கீழே வைத்தார்.

"பிரமு, அன்னைக்குப் பந்தியில நான் சொன்னது தப்பு. இது இவளோட தொழில். எனக்குச் சம்பளம் வந்து ஆறு மாசமாச்சு, காலேஜ் நடக்குமான்னே தெரியல. பொருநை ஃபீஸ், கரண்ட், மளிகை, நீ குடிக்கப் போற இந்தக் காப்பி, எல்லாம் இந்த மிஷின்ல இருந்துதான். அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொழுதுபோக்குன்னு சொல்லிட்டேன்."

பிரமு ரவிக்கையை மடித்து நித்யகலா கையில் கொடுத்தாள். டீச்சர் காப்பியை எடுத்துக்கொண்டு, "சர்க்கரை சரியா இருக்கு" என்றார், பாவம், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சம்பள விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொருநையிடம் சொன்னதில்லை. இந்த நாட்குறிப்பில்கூட எழுதவில்லை, அவருக்குக் குறைச்சலாகப் போய்விடும் என்று 'என் முறை, என் முறை' என்றே எழுதிக்கொண்டு வந்தேன். வார்த்தையை வாங்க வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். இதைக் கேட்கவில்லை. இதை அவராக எடுத்து நாலு பேர் முன்னால் வைத்தார்.

எல்லோரும் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்று துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த டம்ளரையே திரும்பத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா வடிவு? ஊறுகாய் ஃபைல் ஒரு வாரமா அப்படியே இருக்கு."

"எந்த ஊறுகாய்?"

அப்போதுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. டம்ளரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துபோய்விட்டதாம், நான் பேசாததால் கேட்க முடியவில்லையாம், 'பொது'வில் குறிப்பு இருக்கவே நாமே போட்டுப் பார்ப்போம் என்று திறந்தாராம்.

முதல் வரியிலேயே தெரிந்திருக்குமே, மூடியிருக்கலாமே என்றேன்.

"மூடத்தான் போனேன். கடைசில குழாய் சொட்டுதுன்னு இருந்துச்சு. அதைப் படிச்சிட்டு எப்படி மூட?"

சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. பாளையங்கோட்டை வாத்தியார் விஷயம் சும்மா கோபத்தில் எழுதியது என்று சொன்னேன். தெரியும் என்றார். தெரிந்தால் ஏன் பாட்டை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். மாட்டுக்காக என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் ஷேவ் பண்ணும்போது பாட்டு கேட்டது. மகா மோசம். மாடு என்ன செய்ததென்று போய்ப் பார்க்கவில்லை.

கரண்ட் பில் பின்னால் எழுதியது, சி டிரைவில் எழுதியது, ஊறுகாயில் எழுதியது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, இந்த ஃபைலை இசட் டிரைவில் வைக்கிறேன். தவறிப் போய் அல்ல, இடம் பார்த்துத்தான். வெளியிலிருந்து படிக்கிறவர் கவனத்துக்கு: பாகற்காய் ஜூஸ் போதும். நாளை விடியற்காலையில் வண்டிக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். எண்ணெய்ப் புட்டி அலமாரியில் ரெண்டாம் தட்டில் இருக்கிறது.

இத்தனை நாள் பேரை மட்டும் போட்டு ஏமாற்றிவிட்டேன், அதனால் கீழே குறிப்பு.

நார்த்தங்காய் பத்து. கல்லுப்பு ரெண்டு கை. மீதியை வாய்விட்டுக் கேட்கவும்.